கேளுங்க, சொல்றேன்: இரும்புக்காகப் பிறந்த ஊரு

போன மாசம் இந்தப் பக்கத்துல நேதாஜி பத்தி ஒரு வாசகர் கேட்டதுக்குப் பதில் எழுதுறப்ப, அவர் 1943-ல சிங்கப்பூர் வந்து இறங்குறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே ஜம்ஷெட்பூர் இரும்பு ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரா இருந்தவர்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சிக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. பாதிப்பேர் இங்க மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க, அது கடிதாசியைப் படிச்சாலே தெரியுது. அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க, டாடா இரும்புக் கம்பெனி கட்டின அந்த ஜம்ஷெட்பூருக்கே ஒதுக்கிட்டேன். மத்த கேள்வி அனுப்பினவங்க கோவிச்சிக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா வரும்.

கூலிம் வாசகி: ஐயா, ஒரு ஊரையே ஒரு கம்பெனி கட்டுச்சின்னா எப்படி? நம்ம தோட்டம் மாதிரி காட்டை அழிச்சி, லயன் வீடு வரிசையா போட்டு, ஆள் கொண்டாந்து விட்டாங்களா?

ஆமாம்மா, ஆரம்பம் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனாலதான் இந்த ஊரைப் பத்திப் படிக்கிறப்ப எல்லாம் எங்கயோ நடந்த கதையா எனக்குத் தோணுறதே இல்ல.

சாக்சின்னு ஒரு சின்ன கிராமம், அதுதான் பின்னாடி ஜம்ஷெட்பூர் ஆச்சு. இப்போ ஜார்க்கண்ட் மாநிலத்துல இருக்கு, அப்போ வங்காள மாகாணம். சுவர்ணரேகா, கர்காய்னு ரெண்டு ஆறு ஒண்ணு சேர்ற இடம், சுத்திலும் சால மரக் காடு, மலை, சந்தால், ஹோ, பூமிஜ் ஜனங்க காலங்காலமா குடியிருந்த பூமி. 1908 பிப்ரவரி 27-ம் தேதி அங்க முதல் முளை அடிச்சாங்க. 1911 டிசம்பர்ல உலையில இருந்து முதல் இரும்பு ஓடுச்சு, 1912 பிப்ரவரி 16-ம் தேதி முதல் எஃகு வந்துச்சு. முளை அடிச்சதுல இருந்து கணக்குப் போட்டா நாலு வருஷம்தான், அதுக்குள்ள காடு இருந்த இடத்துல உலை, தண்டவாளம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம்.

ஆனா அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாளாச்சு. ஜம்ஷெட்ஜி டாடாவுக்கு இந்தியாவுல எஃகு ஆலை போடணும்னு பல வருஷத்து ஆசை. அமெரிக்கா போயி, சார்லஸ் பேஜ் பெரின்னு ஒரு இஞ்சினியரைத் தேடிப் பிடிச்சி, நீங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டார். மனுஷன் 1904 மே மாசம் ஜெர்மனியில செத்துட்டார், ஆலையையும் பார்க்கல, அது எந்த இடத்துல வரும்னுகூடத் தெரியாமப் போயிட்டார். அப்புறம் மகன் தோராப்ஜி தான் அலைஞ்சார். நாக்பூர் மியூசியத்துல ஒரு பழைய நில அமைப்பு மேப்பைப் பார்த்து, தல்லி மலைக்குப் போனா, மலையே இரும்பா இருக்கு, நடந்தா காலடியில சத்தம் கேக்குது. ஆனா பக்கத்துல போதுமான தண்ணியும் இல்ல, நல்ல நிலக்கரியும் இல்ல, விட்டுட்டாங்க. அந்த மேப்புக்கு ஆதாரமா இருந்த ஆராய்ச்சியைச் செஞ்சவர் பிரமத நாத் போஸ்னு ஒரு வங்காளி, புவியியல் துறையில வேலை பார்த்தவர். அவரே 1904 பிப்ரவரியில ஜம்ஷெட்ஜிக்குக் கடிதம் போட்டிருந்தார், மயூர்பஞ்ச் சமஸ்தானத்துல கோருமஹிசானி மலையில நல்ல இரும்புக்கல் இருக்கு, வந்து பாருங்கன்னு. அதுதான் கடைசியில கை கொடுத்துச்சு. கல்லு அங்கிருந்து, கரி ஜாரியாவுல இருந்து, தண்ணி ரெண்டு ஆத்துல இருந்து, ரயிலுக்குக் காலிமாட்டி ஸ்டேஷன் பக்கத்துலயே. இந்த நாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்றாப்ல அமைஞ்சதாலதான் சாக்சி.

ஒண்ணு சொல்லணும். டாடா இரும்புக் கம்பெனி பதிவானது 1907 ஆகஸ்ட் 26. அதே 1907-ல தான் மலாயாவுல தோட்டக்காரங்களும் சர்க்காரும் சேர்ந்து இந்தியர் குடியேற்றக் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க, எல்லா முதலாளியும் ஒரு நிதிக்குப் பணம் கட்டி, அந்தப் பணத்துல தமிழாளுங்களைக் கப்பல் ஏத்திக் கொண்டுவர்றதுக்கு. அங்க சாக்சியில மரம் வெட்டி குழி தோண்டின அதே நாலு வருஷம்தான் இங்க ரப்பர் விலை உச்சத்துக்குப் போயி நம்ம தாத்தா பாட்டிங்க கப்பல் கப்பலா வந்து காட்டை அழிச்ச நாலு வருஷம். ரெண்டு இடத்துலயும் கூடையும் மண்வெட்டியும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

தைப்பிங் வாசகர்: இவ்ளோ பெரிய ஆலைக்கு வெள்ளைக்காரன் தானே பணம் போட்டிருப்பான்?

இல்ல தம்பி, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். லண்டன்ல தான் முதல்ல பணம் திரட்டப் பார்த்தாங்க, நடக்கல. அங்க இருந்தவங்க கேட்ட நிபந்தனையும் ஒத்து வரல, நேரமும் சரியில்ல. சரி, நம்ம ஊர்லயே கேட்டுப் பார்ப்போம்னு 1907-ல பம்பாயில பங்கு வித்தாங்க. அது சுதேசி இயக்கம் கொதிச்சிக்கிட்டு இருந்த நேரம், அந்நியத் துணியை நடு ரோட்டுல போட்டுக் கொளுத்துன நேரம். ஜனங்க காலையிலேயே வந்து ஆபிஸ் வாசல்ல நின்னாங்க. மூணு வாரத்துல மொத்தப் பங்கும் வித்துப் போச்சு, வாங்கினவங்க சுமார் 8000 பேர், எல்லாம் இந்தியர்கள். அதுக்குமேல நடப்புச் செலவுக்குப் பணம் வேணும்னப்ப குவாலியர் மகாராஜா மொத்தக் கடன் பத்திரத்தையும் ஒரே ஆளா வாங்கிக்கிட்டார்.

அப்போ ரயில்வேக்குப் பெரிய அதிகாரியா இருந்த பிரெடரிக் அப்காட்னு ஒருத்தர், இவங்க தண்டவாளம் செஞ்சா அதை ஒரு பவுண்டு விடாம நானே தின்னுடுறேன்னு சொன்னாராம். அடுத்து முதல் உலகப்போர் வந்துச்சு, மெசபடோமியா, எகிப்து, பாலஸ்தீனம், கிழக்கு ஆப்பிரிக்கான்னு பிரிட்டிஷ் பட்டாளம் போன இடத்துக்கெல்லாம் சாக்சி தண்டவாளம் போச்சு. போர் முடிஞ்சதும் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபுவே நேர்ல வந்து 1919 ஜனவரி 2-ம் தேதி ஊருக்கு ஜம்ஷெட்பூர்னு பேர் வச்சார். காலிமாட்டி ஸ்டேஷன் டாடாநகர் ஆச்சு.

பங்கு வாங்க நின்ன அந்தக் கூட்டத்தைப் படிக்கிறப்ப எனக்கு எங்க ஊர்தான் ஞாபகம் வரும். 1960-ல நம்ம மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி வித்துட்டுப் போனப்ப, அதை நாமே வாங்குவோம்னு பால்வெட்டு ஆளுங்க மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா கட்டி பங்கு சேர்த்தாங்க. கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கினதுதான். எங்கம்மா அந்தப் பங்குப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னாடிதான் வச்சிருந்தாங்க, வேற காகிதம் எதுவும் அந்த இடத்துல வைக்க விடமாட்டாங்க.

ஈப்போ, படிவம் 4 மாணவி: அங்கிள், கல்லுல இருந்து இரும்பு எப்படி வருது? ஸ்கூல்ல சமன்பாடு எழுதுறோம், ஆனா கண்ணு முன்னாடி வரமாட்டேங்குது.

நல்ல கேள்வி கண்ணு. எங்கப்பா தோட்டத்துப் பட்டறையில கொல்லர் வேலை செஞ்சவர், அங்கிருந்தே சொல்றேன்.

இரும்புக்கல்லுங்கிறது இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற கல்லு. அந்த ஆக்சிஜனைப் பிரிச்சி எடுக்கணும், அதுக்குக் கரி வேணும். உயரமான ஒரு உலை, மேல வாய் வழியா இரும்புக்கல், கோக்குன்னு சொல்ற சுட்ட நிலக்கரி, சுண்ணாம்புக்கல், மூணையும் மாத்தி மாத்திக் கொட்டுவாங்க. கீழ இருந்து சூடான காத்தை ஊதுவாங்க. கோக்கு எரிஞ்சி வர்ற கார்பன் மோனாக்சைடு வாயு மேல ஏறுறப்ப கல்லுல இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். மிச்சம் நிக்கிற இரும்பு உருகி அடியில சேரும். சுண்ணாம்பு, கல்லுல இருக்கிற மண்ணையும் மணலையும் சேர்த்து இழுத்துக் கசடாக்கி மேல மிதக்கவிடும். அடியில களிமண் வச்சி அடைச்சிருக்கிற ஓட்டையை உடைச்சா, இரும்பு வாய்க்கால்ல தண்ணி மாதிரி ஓடும், சூடு 1400, 1500 டிகிரிக்கு இருக்கும்.

இப்படி வர்ற இரும்புல கார்பன் அதிகம், சுத்தியல்ல அடிச்சா தட்டு மாதிரி உடையும். அந்தக் கார்பனை இன்னொரு உலையில குறைச்சாதான் எஃகு. எங்கப்பா லோரியோட பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கித்தான் பாராங் கத்தி அடிப்பார், ஏன்னா அது நல்ல எஃகு. துருத்தியை நான் இழுப்பேன், அவர் இரும்போட நிறத்தைத்தான் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். செங்கல் நிறம் வந்தா, இன்னும் இழு. ஆரஞ்சுக்குத் திரும்புறப்ப குறடால எடுத்துப் பட்டடை மேல வச்சி நாலு அடி, மறுபடி உலை. கடைசியா வாயோரம் மட்டும் தண்ணியில முக்குவார், சுர்ருன்னு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தை வச்சே இது நிக்கும், இது உடையும்னு சொல்லிடுவார். தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. சமன்பாடு எழுதுறப்ப அந்த நிறத்தை நினைச்சிக்கோ, மனசுல நிக்கும்.

போர்ட்டிக்சன் வாசகி: வீடுங்க எப்படி இருந்துச்சு? லயன் வீடா, தனி வீடா? அந்தக் காலத்துலயே எட்டு மணி நேர வேலைன்னு சொல்றாங்க, நம்பவே முடியல.

ரெண்டையும் சேர்த்தே சொல்றேன், இது கொஞ்சம் நீளும்.

ஜம்ஷெட்ஜி 1902-ல வெளிநாட்டுல இருந்து மகனுக்கு ஒரு கடிதம் போட்டார். இடமே முடிவாகல, அஞ்சாறு வருஷம் கழிச்சி வரப்போற ஊருக்கு அப்பவே எழுதுறார். ரோடை அகலமா போடு, நிழல் தர்ற மரம் நடு, அதுல ஒண்ணு விட்டு ஒண்ணு சீக்கிரமா வளர்ற ஜாதியா இருக்கட்டும், புல்தரைக்கும் தோட்டத்துக்கும் நிறைய இடம் விடு, பந்து விளையாட, ஹாக்கி விளையாட பெரிய திடல் வை, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் இடம் ஒதுக்குன்னு.

இதுல அந்த மரத்தைப் பாருங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு சீக்கிரம் வளர்றது. நல்ல மரம் வளர இருபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் முதல்ல வந்து சேர்றவன் வெயில்ல நிக்கக்கூடாதேன்னு யோசிச்சிருக்கார். நான் பொறந்த லயத்துக்கு முன்னாடி ஒரு மரம் கிடையாது. சுத்திலும் ஆயிரக்கணக்குல கித்தா மரம், அதான் ரப்பர் மரம், நிக்குது, ஆனா வீட்டு வாசல்ல ஒண்ணு கிடையாது. மத்தியானம் சிங்க் கூரை சூட்டுல உள்ள உட்காரவும் முடியாது, வெளிய நிக்கவும் முடியாது, பொம்பளைங்க எல்லாம் பிள்ளைங்களைப் பார்த்துக்கிற ஆயக்கொட்டகை பின்னாடி இருந்த ஒரே ஒரு மாமரத்துக்கு அடியில போயி உட்காருவாங்க. அந்தக் கடிதத்தைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஊரோட முதல் வரைபடத்தை அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இருந்த ஜூலியன் கென்னடியோட கம்பெனி போட்டுக் கொடுத்துச்சு. அப்புறம் 1920 வாக்குல எஃப்.சி. டெம்பிள், 1940-கள்ல ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து ஊரை விரிச்சாங்க. எட்டு மணி நேர வேலையை 1912-லயே கொண்டு வந்தாங்க, நீங்க நம்பாட்டியும் அதுதான் உண்மை. இந்தியாவுல சட்டமா அது வர 1948 ஆச்சு. 1915-ல இலவச வைத்தியம், 1920-ல சம்பளத்தோட லீவு, சேமநிதி, விபத்து நஷ்டஈடு, 1928-ல பிரசவ உதவி. நம்ம பக்கம் பார்த்தா, 1923 தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் பத்துப் பிள்ளைக்கு மேல இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு தோட்டத்துக்குக் கட்டாயம் ஆச்சு. சட்டம் சொன்னதுக்காக ஒரு ஓலைக் கொட்டகை, அதுல தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியார் இல்லன்னா கங்காணி பாடம் நடத்துவார், அப்படித்தான் பல இடத்துல ஆரம்பிச்சிச்சு.

ஆனா வரைபடத்துல இருந்த ஊரு எல்லாருக்கும் கிடைக்கல, இதை மறைச்சிட்டு எழுத எனக்கு மனசு வராது. வடக்கு டவுன்ல ஐரோப்பிய, அமெரிக்க அதிகாரிங்களுக்குப் பங்களா, தோட்டம், குழாய்த் தண்ணி. கைவேலை தெரிஞ்சவங்களுக்குக் கோட்டர்ஸ். கூடை தூக்குறவங்களுக்கு? ஆலை வளர்ற வேகத்துக்கு வீடு வளரல. ஆயிரக்கணக்கான ஜனம் கம்பெனி நிலத்துல வாடகை கட்டி, மண்ணுல தாங்களே குடிசை எழுப்பிக்கிட்டாங்க, அந்தக் குடியிருப்பை பஸ்தின்னு சொல்வாங்க. கம்பெனி எல்லைக்கு வெளிய ஜுக்சலாய்னு ஒரு பகுதி நெருக்கடியா வளர்ந்துச்சு. நம்மகிட்ட மலைமேல துரை பங்களா, அதுக்குக் கீழ கிராணியார் வீடு, பள்ளத்துல லயன்னு இருந்துச்சே, அந்த மேடு பள்ளம் அங்கயும் இருந்துச்சு.

அப்புறம் ரேஜான்னு சொல்வாங்க, கூலிக்கு மண்ணும் கல்லும் சுமக்குற பொம்பளைங்க. பெரும்பாலும் ஆதிவாசிப் பொண்ணுங்க. அவங்க தலைச்சுமையாலதான் அந்த அடித்தளமே எழும்புச்சு. அதுல எத்தனையோ பேரோட சொந்த வயலும் சொந்த மரமும்தான் அந்த ஆலைக்குக் கீழ போயிருக்கு. நேத்து வரைக்கும் தன்னோட பூமி, இன்னிக்கு அதே பூமியில தினக்கூலி. நம்ம தாத்தாமாரு கடல் தாண்டி வந்து கூலியானாங்க, அவங்க இருந்த இடத்துலயே கூலியாகிட்டாங்க, இதை நினைச்சா எனக்கு ஒரு பெரிய பாரமா இருக்கும்.

கோலசிலாங்கூர் வாசகர்: வீட்டுல அப்பா மாட்டி வச்ச நேதாஜி படம் இன்னும் இருக்கு. அவர் யூனியன் லீடரா? இவ்ளோ நல்ல கம்பெனின்னா ஸ்டிரைக் எதுக்கு?

கோலசிலாங்கூர்ல இருந்து இந்தக் கேள்வி வந்தது ரொம்பப் பொருத்தம் அண்ணே, காரணம் பின்னாடி சொல்றேன்.

போர் முடிஞ்சதும் அரிசி, துணி விலை எல்லாம் ஏறிப்போச்சு, கூலி ஏறல. 1920 பிப்ரவரியில ஆலை முழுக்க வேலை நிறுத்தம். போலீஸ் துப்பாக்கியால சுட்டு தொழிலாளிங்க உயிர் போச்சு. அந்தப் போராட்டத்துலதான் ஜம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பொறந்துச்சு. 1922-ல மறுபடி ஸ்டிரைக். கம்பெனி சங்கத்தை ஒத்துக்கவே இல்ல. ஃபிஜித் தீவுல கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிரா போராடின சி.எஃப். ஆண்ட்ரூஸ் இங்கயும் வந்து சங்கத் தலைவரா உட்கார்ந்து பேசினார். 1925-ல காந்தியே நேர்ல வந்தார், அதுக்கப்புறம்தான் கம்பெனி சங்கத்தை அங்கீகரிச்சிச்சு.

இதுக்கு நடுவுல கம்பெனியே மூழ்கப் பார்த்துச்சு, அதையும் சொல்லணும். போர் முடிஞ்சதும் வெளிநாட்டு எஃகு சல்லிசா வந்து இறங்கிடுச்சு. 1924-ல சம்பளம் கொடுக்கவே காசில்லாம, தோராப்ஜி தன் சொத்தையும் மனைவி மெஹர்பாயோட நகையையும் பேங்குல அடமானம் வச்சார். அதுல ஜூபிலி வைரமும் ஒண்ணு, உலகத்துலயே பெரிய வைரங்கள்ல சேர்ந்தது. அந்தக் காசுல அன்னிக்குச் சம்பளம் போட்டாங்க.

அப்படிக் காப்பாத்துன கம்பெனிதான் 1928-ல செலவைக் குறைக்க ஆளைக் குறைக்க ஆரம்பிச்சிச்சு. மாசக்கணக்குல ஸ்டிரைக், கதவடைப்பு. மானெக் ஹோமின்னு ஒரு வக்கீல் முன்ன நின்னு நடத்தினார். ஆகஸ்ட் மாசம் தொழிலாளிங்க கூப்பிட்டு சுபாஷ் சந்திர போஸ் வந்தார், வயசு 31 தான். செப்டம்பர்ல கம்பெனியோட பேசி ஒரு ஒப்பந்தம் போட்டார். ஹோமி பக்கம் இருந்தவங்க இது போதாதுன்னு பிரிஞ்சி போயிட்டாங்க, சங்கம் ரெண்டாச்சு, அந்த மனக்கசப்பு ரொம்ப நாள் நீடிச்சிச்சு. ஆனாலும் 1936 வரைக்கும் சங்கத் தலைவர் சுபாஷ்தான். அதுல பல வருஷம் ஜெயில்லயும் ஐரோப்பாவுலயும் இருந்தார், அது வேற.

எட்டு மணி நேரத்தைக் கம்பெனியே கொடுத்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா உட்கார்ந்து பேசுற உரிமையை யாரும் தட்டுல வச்சிக் கொடுக்கல, ஜனங்க பட்டினி கிடந்து வாங்குனது. அந்த ஊரோட நல்ல பேர்ல பாதி பங்கு அவங்களுக்குச் சேரணும், அதைச் சேர்க்காம எழுதுறவங்களைக் கண்டா எனக்குக் கோவம்தான் வரும்.

உங்க ஊருக்கு வர்றேன். 1941-ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல நடந்த போராட்டம், உங்க கோலசிலாங்கூர் பக்கமும்தான் பரவுச்சு, பட்டாளம் இறங்கிச் சுட்டுச்சு. என்ன கேட்டாங்க அப்போ? சீனனுக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு, தோட்டத்துல கள்ளுக்கடையை மூடு, பொம்பளைங்க மேல கை வைக்கிறதை நிறுத்து, துரை எதுக்க வந்தா சைக்கிள்ல இருந்து இறங்கச் சொல்லாதே. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சி நேதாஜி இங்க வந்து பேசினப்ப தோட்டத்து ஜனம் அவரோட படைக்குத் தாலியைக் கழட்டிக் கொடுத்துச்சுன்னா, தொழிலாளிகிட்ட எப்படிப் பேசணும்னு அவருக்கு ஜம்ஷெட்பூர்லயே பழக்கம் ஆயிடுச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

பாரிட் புந்தார் வாசகர்: எங்க தாத்தா சேலம். அங்கதான் இரும்பு நிறைய இருக்கே, அங்க ஏன் இந்த மாதிரி ஊரு வரல?

முயற்சி நடந்துச்சு தம்பி, டாடாவுக்கு எழுபது எண்பது வருஷம் முன்னாடியே. 1830 வாக்குல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில ஆலை போட்டார், கல்லு சேலத்துல இருந்துதான் போச்சு. உலைக்கு மரக்கரி. காடு அழிய அழிய கரி தூரத்துல இருந்து வர வேண்டியதாச்சு, செலவு கட்டுப்படியாகல, கடைசியில மூடிட்டாங்க. சேலத்துக் கஞ்சமலைக் கல்லுக்குக் குறை ஒண்ணும் இல்ல.

சிகாமட் வாசகி: கம்பெனி ஊர்ல வேலை போனா வீடும் போயிடுமா ஐயா? எங்க அண்ணன் குடும்பத்துக்குத் தோட்டத்துல வீட்டைக் காலி பண்ணச் சொல்லி கடிதாசி வந்திருக்கு, அதான் கேக்குறேன்.

தங்கச்சி, ஆமா. கோட்டர்ஸ்னாலே வேலையோட கட்டின வீடுதான், ஜம்ஷெட்பூரா இருந்தாலும் சரி, நம்ம லயனா இருந்தாலும் சரி. 1928-ல ஆளைக் குறைக்கிறாங்கன்னதும் ஊரே கொதிச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும், போறது ஒருத்தனோட சம்பளம் மட்டும் இல்லையே. தண்ணி, வெளக்கு, ஆஸ்பத்திரி, பிள்ளையோட ஸ்கூல் எல்லாம் அந்த ஒரு டோக்கன் நம்பர்ல தொங்குது. மண்குடிசை போட்டவன் வாடகை நிலத்துல இருந்தாலும் கதவு அவனோடதுன்னு நினைச்சிருப்பான்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன், தோட்டத்துப் பேரு வேண்டாம். அப்பாவுக்கு வயசாகி பெரட்டுல, அதான் காலையில ஆள் கணக்கெடுக்கிறதுல, பேர் எடுத்தாச்சு. அடுத்த வாரமே ஆபிஸ்ல இருந்து ஆள் வந்து, வீட்டுல வேற யாரு செக்ரோல்ல, அதான் தோட்டத்துச் சம்பளப் பேரேட்டுல, இருக்கான்னு கேட்டாங்க. யாரும் இல்ல. எங்க அண்ணன் அப்போ படிவம் 5, கணக்குல வகுப்புல முதல் மாணவன். மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு வாளியும் கத்தியும் எடுத்துக்கிட்டு பால் வெட்ட வெட்டுக்காட்டுக்குப் போனான், வீட்டைக் காப்பாத்த. எங்களைப் படிக்க வச்சான், அவன் திரும்ப ஸ்கூல் பக்கம் போகல. இதே மாதிரி ஒவ்வொரு லயத்துலயும் ரெண்டு மூணு அண்ணன் இருப்பாங்க, இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

கடிதாசி வந்துடுச்சேன்னு பயந்து சாமானைக் கட்டிடாதீங்க. அதுல போட்டிருக்கிற தேதியை எழுதி வச்சிக்கோங்க, வேலை செஞ்ச வருஷத்துக்கான சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க. எதுலயும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தொழிற்சங்கக் கிளைக்கும் தொழிலாளர் இலாகா ஆபிஸுக்கும் ஒரு நடை போயி காட்டுங்க. ஒரே லயத்துல எத்தனை பேருக்கு வந்திருக்கோ அத்தனை பேரும் சேர்ந்தே போங்க, தனித்தனியா போகாதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க தங்கச்சி.

நிபோங் திபால் வாசகர்: மலேசியாவுல இந்த மாதிரி இரும்பு ஊரு ஒண்ணும் இல்லையா?

இருந்துச்சு. திரெங்கானுவுல டுங்குன் பக்கம் புக்கிட் பெசி, பேரே இரும்பு மலை. போருக்கு முன்னாடி ஜப்பான் கம்பெனி தோண்டுச்சு, போருக்கப்புறம் வேற கம்பெனி எடுத்துக்கிச்சு. மலையில இருந்து கடற்கரை வரைக்கும் தனி ரயில், அங்கிருந்து கப்பல்ல ஜப்பானுக்கு. தொழிலாளிக்கு வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் வந்து பெரிய ஊரா இருந்துச்சு. ஆனா அங்க தோண்டுறது மட்டும்தான், உருக்குறது ஜப்பான்ல. 1970-கள் ஆரம்பத்துல சுரங்கம் மூடுச்சு, ஜனம் கலைஞ்சி போச்சு.

உருக்குறதுன்னா உங்க ஊருக்குப் பக்கத்துலயே, பிறையில. மலாயவாத்தா எஃகு ஆலை, ஜப்பானோட யவாத்தா கம்பெனியும் நம்ம நாடும் கூட்டு சேர்ந்தது, 1967-ல உலை எரிய ஆரம்பிச்சிச்சு. இதுல நம்ம ஜனங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. உலைக்கு ஏத்த நிலக்கரி நம்ம நாட்டுல இல்ல, அதுக்குப் பதிலா அவங்க போட்டது கித்தா மரக்கரி. இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ஞ்ச மரத்தை மறுநடவுக்கு வெட்டுவாங்க இல்ல, அந்த மரத்தைச் சூளையில போட்டுக் கரியாக்கி பிறைக்கு லோரியில அனுப்புனாங்க. பரங்கிப்பேட்டையில காடு தீர்ந்து உலை நின்னு போச்சு, இங்க நட்டு வளர்த்த மரமே உலைக்குப் போச்சு. மரக்கரி நிலக்கரிக் கோக்கு அளவுக்குப் பாரம் தாங்காது, உள்ள நொறுங்கிடும், அதனால உலையையும் ரொம்ப உயரமா கட்ட முடியாது, அதுதான் அதோட எல்லை.

எங்கம்மா இருபது வருஷம் பால் வெட்டுன மர நிரை 1970-கள்ல விழுந்துச்சு. ஒவ்வொரு மரத்துலயும் அவங்க கத்தி போட்ட கோடு பட்டையில அப்படியே இருக்கு, அதோடதான் லோரியில ஏத்துனாங்க. அம்மா ரோட்டோரம் நின்னு, அது என் வெட்டு, அது பக்கத்து வீட்டுக்காரி வெட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எந்தச் சூளைக்குப் போச்சுன்னு அப்போ நாங்க கேக்கல. கெடா, பேராக் பக்கம் கரிச் சூளையில வேலை செஞ்சவங்க, இல்ல அவங்க பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, சூளை எப்படிக் கட்டினீங்க, எத்தனை நாள் எரிஞ்சிச்சு, கூலி எவ்வளவுன்னு எழுதுங்க. போட்டோ இருந்தா அனுப்புங்க, பத்திரமா திருப்பித் தந்துடுறேன். அடுத்த மாசம் அதுலயே ஆரம்பிப்போம்.